மாமா திருப்பி வாங்கிய தாம்பூலப் பைகள்

இரண்டு கொத்சுப் பொடி பாக்கெட்டுகளை என் மேசைமேல் வைத்துவிட்டு, "இதுல எது என்னுதுன்னு சொல்லு பாப்போம்" என்றார் மாமா. இரண்டிலும் அதே இரட்டை நாரை, அதே பச்சை. சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. சிதம்பரத்தில் எங்கள் தெருவிலேயே பொடி அரைத்து விற்றவர் அவர்; உறவில்லை, ஆனாலும் சிறுவயதிலிருந்து எனக்கு மாமாதான். நான் மஞ்சக்குப்பத்தில் வக்கீல் ஆபீஸ் போட்ட பிறகு, என்னைத் தேடி அவர் பஸ் ஏறி வந்தது அதுதான் முதல் முறை.

கடலூர்க்காரர் ஒருவர் அந்த இரட்டை நாரை மார்க்கைத் தன் பெயரில் பதிய விண்ணப்பித்திருந்தார். மாமா பதிந்ததே இல்லை. "ஊருக்கே தெரியுமே, அதை எதுக்குப் பதியணும்?" என்பது அவர் கட்சி. முதலில் பயன்படுத்தியவர் எதிர்ப்பு மனு போட்டு ஜெயிக்கலாம், ஆனால் தேதியோடு ஆதாரம் வேண்டும் என்றேன். பழைய பில்லும் லேபிளும் வெள்ளத்தில் ஊறி என்றைக்கோ குப்பைக்குப் போயிருந்தன.

ஆதாரம் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. மாமா தன் மகள் கல்யாணத்துக்குத் தாம்பூலப் பை அடித்தபோது, ஒரு பக்கம் மணமக்கள் பெயரும் தேதியும், மறுபக்கம் இரட்டை நாரையும் போட்டிருந்தார். விளம்பரத்துக்கு விளம்பரமும் ஆச்சு. அந்தக் கல்யாணம் ஓராண்டுகூட நிலைக்கவில்லை. திரும்பி வந்த மகள், யாராவது மார்க்கெட்டில் அந்தப் பையில் கத்தரிக்காய் வாங்குவதைப் பார்த்துவிடக் கூடாதே என்று, மாமா வீடு வீடாகப் போய் எவர்சில்வர் டப்பா கொடுத்துப் பைகளைத் திருப்பி வாங்கினார். வாங்கி எரித்தார். என் அம்மா மட்டும், நல்ல கெட்டித் துணியை விட மனசில்லாமல், எலி கடித்துவிட்டது என்று புளுகிவிட்டாள்.

பையைப் பற்றிச் சொன்னதும் மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. "வேணாம்மா. மார்க் போனா வேற படம் போட்டுக்கறேன். அவ பேரையும் அவன் பேரையும் சேத்து எவனும் ஆபீசுல ஒக்காந்து படிக்க வேணாம்." எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. மகளும் கடையில் பங்குதாரர். அவளைக் கேட்காமல் விட முடியாது. அவளைக் கூப்பிட்டுப் பையைக் காட்டினேன். விரித்து, இரண்டு பக்கமும் பார்த்தாள். "நீங்க எழுதுங்கக்கா. அப்பாவ நான் கூட்டியாறேன்" என்றாள்.

அந்தப் பையால்தான் மார்க் அவர்களுக்கு நிலைத்தது. இன்று மாமா இல்லை. பாக்கெட்டின் மூலையில் பதிவுக் குறியோடு மகள் விற்கிறாள். ஆனாலும் எனக்கு மறக்காதது, மாமா கையெழுத்துப் போட வந்த நாள்தான். மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, பிரமாணப் பத்திரத்தை நான் படிக்கப் படிக்கத் தலையாட்டிக்கொண்டே வந்தார். 'திருமணத்துக்கு வந்த அனைவருக்கும் இப்பை வழங்கப்பட்டது' என்ற இடத்தில் கையை நீட்டி நிறுத்தினார்.

"சத்தியம் பண்ணித்தானே இதுல கையெழுத்து? குடுத்ததையெல்லாம் வீடு வீடாப் போயி திருப்பி வாங்கி எரிச்சேனே, அதையும் எழுதணுமாம்மா?"

மகளுக்கு அது அன்றைக்குத்தான் தெரிந்தது.