போர்வைக்குள் இருந்த மாமியார்

கேபிள் பணம் வாங்க வருகிறவர் என்னை உளவு பார்க்கத்தான் வருகிறார் என்று இரண்டு வருடம் மனதார நம்பினேன்.

அப்போது நாங்கள் குடியிருந்த தேஹு ரோடு குவார்ட்டர்ஸில் இரண்டாவது டிவிக்குத் தனி மாதக் கட்டணம். வீட்டு பட்ஜெட் என் இலாகா. எனவே படுக்கையறை டிவிக்கு நானே திருட்டுத்தனமாக ஒயர் இழுத்து, அந்தச் செலவைப் பட்ஜெட்டுக்குள் நுழைய விடாமல் செய்திருந்தேன்.

கேபிள்காரர் ஒல்லியான மராட்டிக்காரர். நரைத்த மீசை, வெயிலிலும் ரெயின்கோட். மாடி ஏறுவதற்கு முன் கீழே நின்று சைக்கிள் மணியை வெகுநேரம் அடிப்பார். நான் ஓடிப்போய் டிவிக்குப் போர்வை போர்த்துவேன்.

ஒருநாள் பதற்றத்தில், அணைக்காமலே போர்த்திவிட்டேன். உள்ளே சீரியல் மாமியார் கத்திக்கொண்டிருந்தாள்.

"யாரு அண்ணா அது?" என்று வாசலில் நின்றபடி கேபிள்காரர் இந்தியில் கேட்டார். 'அண்ணா' மட்டும் தமிழர்களுக்காக.

"என் மாமியார். உடம்பு சரியில்லை."

அதற்குள் விளம்பரம் வந்துவிட்டது. மாமியார் சோப்புப் பாட்டுப் பாட ஆரம்பித்தாள்.

அவர் சிரிக்கவேயில்லை. "நல்லாப் பாடறாங்க. படமும் தெளிவாத் தெரியுதா அண்ணா?"

சமையலறையிலிருந்து மனைவி வந்தாள். "போதுங்க, போர்வைய எடுங்க. டிவி சூடாகி வெடிச்சுடப் போகுது."

அவர் ரெயின்கோட்டிலிருந்து இரண்டு ரசீதுகளை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

நான் போர்த்தி முடிக்கட்டும் என்றுதான் அத்தனை நேரம் மணி அடித்திருக்கிறார். இரண்டாவது டிவிக்கு என் மனைவி முதல் மாதத்திலிருந்தே பணம் கட்டி வந்திருக்கிறாள். என் பட்ஜெட்டில் அது கொத்தமல்லிச் செலவாக இருந்தது.