ஞாயிற்றுக்கிழமை வெறுங்கடகம்

ஞாயிற்றுக்கிழமையில எங்கட கரையில மீன் இராது. சனிக்கிழமை பொழுதுபட்டால் ஒரு வள்ளமும் கடலில இறங்காது. வலையைக் காயப்போட்டிட்டு, விடியப் பூசைக்கு வெள்ளைச் சேட்டோட போற ஆக்கள் எங்கட ஆம்பிளையள். வீட்டில உலை கொதிக்காட்டிலும் ஞாயிறு தொழிலுக்குப் போறேல்லை. இது சிலுவை போடுற எங்களுக்கு மட்டும் தெரிஞ்ச விசயமில்லை. திருநீறு பூசுற தோட்டக்கார ஒழுங்கைக்கும் நல்லாத் தெரியும். சனிக்கிழமையில நான் தலையில சுமந்து விக்கிற பனையோலை மீன் கடகம் அந்த ஒழுங்கையின்ர பாதியிலயே வெறுமையாகிப் போகும். ஞாயிறு சமையலுக்கெண்டு முதல் நாளே வாங்கிப் பொரிச்சு வைக்கிற வீடுகள் அதுகள். அதில பள்ளிக்கூட ரீச்சர் வீட்டில விளைமீன் எண்டால் தலை வேறை, துண்டு வேறையா வெட்டிக் குடுக்க வேணும். நாளைக்கு நீர் வரமாட்டீர்தானே, ரெண்டு கூடப் போடும் எண்டு ஒவ்வொரு சனியும் சொல்லுவா.

இதை முதலிலயே சொல்லி வைக்கிறன், பிறகு நடந்ததெல்லாம் இதில தான் கிடக்குது.

எங்கட தீவில தண்ணி எண்டால் உப்பு. எங்கட ஒழுங்கைக் கிணத்துத் தண்ணியில தேத்தண்ணி வைச்சால் வாயில வைக்கேலாது. ஊரில நல்ல தண்ணிக் கிணறு ஒண்டே ஒண்டு, தோட்டப் பக்கத்தில, கோயில் வீதிக்குக் கிட்ட. கோயிலுக்கும் அந்தத் தண்ணி தான். என்ர அம்மாவின்ர காலத்தில எங்கட ஆக்கள் அந்தக் கிணத்துக் கட்டில கை வைக்கேலாது. குடத்தை வைச்சிட்டுத் தள்ளி நிக்க வேணும். தோட்டக்கார வீட்டு ஆரெண்டாலும் வந்து, மனம் வைச்சு, அள்ளி வாத்தால் உண்டு. சில நாள் வெயிலுக்குள்ள நிண்டு நிண்டு வெறுங்குடத்தோட திரும்பி வந்திருக்கிறாவாம். அம்மா அதைச் சொல்லேக்கை அழமாட்டா. பல்லைக் கடிப்பா.

பிறகு சண்டை வந்து எல்லாரையும் ஒண்டாத் துரத்தினது. தொண்ணூற்றாறு, தொண்ணூற்றேழில கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பி வந்தம். வந்து பாத்தால் நல்ல தண்ணிக் கிணத்துக்குள்ள உடைஞ்ச கூரை ஓடும் மரமும் செத்த நாயும் கிடக்குது. ஆர் இறங்கிறது? மூச்சுப் பிடிக்கத் தெரிஞ்சவன் எங்கட ஒழுங்கையில தான் இருந்தான். எங்கட ஆம்பிளையள் உள்ள இறங்கித் துப்பரவாக்கினவை, தோட்டக்காரர் மேல நிண்டு கயிறு இழுத்தவை. மூண்டு நாள். கடைசி நாள் ரீச்சர் தன்ர வீட்டுக் கோப்பையளில எல்லாருக்கும் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தா. அதுக்குப் பிறகு ஆர் கட்டில ஏறினது, ஆர் வாளி விட்டது எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. பழைய வழக்கம் செத்துப்போச்சுது எண்டு நான் நினைச்சன். விசரி!

பிரதேச சபைத் தேர்தல் வந்தது. ஒருத்தர் நிண்டார். தோட்டப் பக்கத்து மனிசன், கன காலம் பட்டினத்தில இருந்தவர். ஊர் மீனும் தெரியாது, ஊர்ப் பூசையும் தெரியாது. வாகனத்தில ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்து கூட்டம் வைச்சார். எங்கட ஆம்பிளையள் பாஸைப் பற்றிக் கேட்டினம்: எவ்வளவு தூரம் கடலுக்குப் போகலாம், எத்தினை மணிக்குத் திரும்ப வேணும் எண்டு நேவிக்காரன் சொல்லுறான், அதை என்னெண்டு மாத்துவியள்? தோட்டக்காரர் வெங்காயம் ஏத்திப் போற லொறியை நேவிக்காரன் மறிச்சு வைக்கிறதைப் பற்றிக் கேட்டினம். அவர் கதையை வேறை பக்கம் திருப்பினார். அதுகளைக் கதைக்கப் பயம். அவர் பேசிக்கொண்டிருக்கேக்கையே சனம் எழும்பி மண்ணைத் தட்டிப்போட்டு வீட்ட போனது. ரெண்டு ஒழுங்கையும் சேந்து தான் போனது. அது அவற்ர கண்ணில குத்தியிருக்கும்.

அடுத்த ஞாயிறு பூசை முடிஞ்சு வெளிய வாறம், கிணத்தடியில சனம். கிணத்துக்குள்ள மீன் குடல் மிதக்குதாம். நான் பூசைச் சீலையோட ஓடினன். மெய்தான், குடலும் செவிளும், ரத்தம் கூடக் கறுக்கேல்லை. தேர்தலுக்கு நிண்டவர் எங்களுக்கு முதலே அங்க நிக்கிறார், லேஞ்சியை மூக்கில பிடிச்சுக்கொண்டு. ஊர்ப் பொறுப்பான விதானைக்கே இன்னும் தெரியாது, அவருக்குத் தெரிஞ்சிருக்கு. கோயில் தண்ணியில இந்த மீன்காரர் கைவைச்சிட்டாங்கள், இதுக்குத்தான் பெரியாக்கள் அந்தக் காலத்தில ஒரு ஒழுங்கு வைச்சவை எண்டு தொடங்கினார். நான் விடேல்லை. இண்டைக்கு என்ன கிழமை, எங்கட கரையில போய்ப் பாருங்கோ, ஒரு செதிள் கிடக்குதோ, பச்சை ரத்தம் நேற்றையான் மீனில வருமோ எண்டு கத்தினன். ஆர் அந்தக் குடலைப் போட்டதெண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. ஆனால் ஞாயிறெண்டால் என்னெண்டு தெரியாத ஒரு ஆள் தான் வேறை கரையில வாங்கிக்கொண்டுவந்து போட்டிருக்க வேணும்.

நான் சுத்திப் பாத்தன். என்னட்டைச் சனிக்கிழமை மீன் வாங்கின முகங்கள் தான் எல்லாம். முதல் நாள் விளைமீன் வாங்கின ரீச்சர் முன்னுக்கு நிக்கிறா. அவ ஒரு சொல்லுச் சொன்னால் காணும், ரீச்சர் சொன்னால் ஊர் கேக்கும். அவ நிலத்தைப் பாத்தா. ஒருத்தரும் வாய் திறக்கேல்லை.

அண்டைக்குப் பின்னேரமே அவர் எங்கட ஒழுங்கைக்கும் வந்தார். உங்களை அடிக்க வெளிக்கிட்டவையை நான் தான் மறிச்சனான் எண்டார். நான் வெண்டால் கிணத்துக்கு வேலி, கதவு எல்லாம் போட்டு, ஒவ்வொரு நாளும் ஒரு ஆளை விட்டு உங்கட குடங்களுக்கு அள்ளி வாப்பிக்கிறன், சண்டை சச்சரவு இல்லாமல் மரியாதையாத் தண்ணி எடுக்கலாம் எண்டார். மரியாதை! அங்க போய் அவங்களைத் தள்ளி வைக்கிறன் எண்டு வோட்டுக் கேக்கிறது, இஞ்ச வந்து உங்களைக் காப்பாத்திறன் எண்டு வோட்டுக் கேக்கிறது. பத்து நாளுக்கு முதல் கேட்ட பாஸும் லொறியும் எங்க போச்சுது? ஒரு குஞ்சும் பிறகு அதைக் கேக்கேல்லை.

எங்கட ஆக்கள் பயந்திட்டினம். என்ர மனிசன் கூட, சண்டை வேண்டாம், வாத்தால் வாங்குவம், தண்ணி தண்ணிதானே எண்டார். நான் சொன்னன், அம்மா நிண்ட இடத்தில நான் நிக்கமாட்டன், என்ர மகள் நிக்கவும் விடமாட்டன், நீங்கள் வேணுமெண்டால் குடத்தோட போய் நில்லுங்கோ. அவர் சோத்துக் கோப்பையைத் தள்ளிப்போட்டு எழும்பிப் போனார்.

தேர்தலில அந்தப் பட்டினத்துக்காரர் வெண்டார். தோட்டப் பக்கம் முழுக்கப் போட்டது, எங்கட ஒழுங்கையில பாதி போட்டது. ஒரு கடகம் மீன் குடலுக்கு ஒரு கதிரை! சொன்னபடி கிணத்தைச் சுத்தி முள்ளுக்கம்பி அடிச்சு, கதவு வைச்சு, ஆமைப்பூட்டுப் போட்டார். அந்த ஒரு வாக்கைத் தான் அந்த மனிசன் காப்பாத்தினது. பூட்டைத் திறக்கிற திறப்பு மூண்டு வீட்டில, அதில ஒண்டு ரீச்சர் வீடு. காலமை ஒரு ஆள் வந்து திறந்து அள்ளி வாக்கும். எங்கட ஒழுங்கைப் பொம்பிளையள் தள்ளி வரிசையில நிண்டவை. நான் போகேல்லை. சைக்கிள் கரியரில ரெண்டு தண்ணிக் கானைக் கட்டி, பக்கத்து ஊரான சாட்டிக்கு உழக்கி அங்கத்தைக் கிணத்தில அள்ளிக்கொண்டு வந்தன். எதிர்க்காத்தில வரேக்கை நெஞ்சு வெடிக்கும். ஊர் சிரிச்சுது, எங்கட ஆக்களும் தான் சிரிச்சினம். சிரிக்கட்டும் எண்டு விட்டன்.

ஆனால் ரீச்சர் நிலத்தைப் பாத்தது தான் எனக்குள்ள முள்ளு மாதிரிக் கிடந்தது. அவர் ஊரறியாத மனிசன், அவரை விடுவம். தெரிஞ்ச ஆக்கள் தெரியாத மாதிரி நிண்டதைத் தான் என்னால பொறுக்கேலாமல் இருந்தது. அவையின்ர வாயால அதைச் சொல்லுவிக்க வேணும். யோசிச்சு யோசிச்சு ஒரு வழி பிடிச்சன்.

ஒரு ஞாயிறு, பூசை முடிஞ்ச கையோட, அதே பூசைச் சீலையோட, வெறுங்கடகத்தைத் தலையில வைச்சுக்கொண்டு தோட்டக்கார ஒழுங்கைக்குள்ள போனன். கடகத்துக்குள்ள ஒண்டுமில்லை, மேல ஒரு ஓலை மூடினபடி. வழக்கமாக் கூப்பிடுற மாதிரி, மீன், மீன் எண்டு தொண்டை கிழியக் கூப்பிட்டன். படலையள் திறந்தது. ஒருத்தி மற்றவளைப் பாத்தாள். இவளுக்கென்ன பிடிச்சிருக்கு எண்டினம். நான் நிக்காமல் கூப்பிட்டுக்கொண்டு போய் ரீச்சர் வீட்டுப் படலையில நிண்டன். எனக்குப் பின்னால ஏழெட்டுப் பேர் வேடிக்கை பாக்க வந்திட்டினம்.

ரீச்சர் கையைத் துடைச்சுக்கொண்டு வெளிய வந்து சிரிச்சா.

"என்ன பிள்ளை, விசரே உமக்கு? இண்டைக்கு ஞாயிறெல்லே. ஞாயிற்றுக்கிழமை உங்கட ஆக்கள் தொழிலுக்குப் போறேல்லையே. இண்டைக்கு எங்கால மீன்?"

நான் கடகத்தை இறக்கி, ஓலையை எடுத்துக் கவிட்டுக் காட்டினன்.

"ஓம் ரீச்சர். இல்லைத்தான். இதை அண்டைக்குக் கிணத்தடியில நீங்கள் சொல்லியிருக்க வேணும்."

சிரிப்பு நிண்டிட்டுது. எனக்குப் பின்னால நிண்டவையின்ர முகத்தை நான் திரும்பிப் பாக்கேல்லை, பாக்கத் தேவையும் இல்லை. ரீச்சர் படலையைப் பிடிச்சுக்கொண்டா. பயமாயிருந்தது எண்டு மெல்லச் சொன்னா. எனக்கும் தான் பயம், பயந்து பயந்து தான் அண்டைக்குக் கத்தினனான் எண்டன்.

அவ உள்ள போய் ஆணியில தொங்கின திறப்பை எடுத்துக்கொண்டு வந்து என்ர வெறுங்கடகத்துக்குள்ள போட்டா. நான் அதை எடுத்துத் திரும்ப அவவின்ர கையிலயே வைச்சன்.

"எனக்குத் தராதேங்கோ. நீங்கள் வந்து திறவுங்கோ, எல்லாரும் பாக்க."

உள்ளயிருந்து அவவின்ர மனிசன் போகாதை எண்டு சொன்னது எனக்கும் கேட்டது. அவ செருப்பைக் கூடப் போடேல்லை. வீட்டுச் சீலையோட முன்னுக்கு நடந்தா, நான் கடகத்தோட பின்னால, எனக்குப் பின்னால தோட்டக்கார ஒழுங்கையில பாதி. கிணத்தடியில பூட்டைத் திறந்து, பூட்டையும் திறப்பையும் கையில வைச்சுக்கொண்டு ஒரு பக்கமா ஒதுங்கினா. பழக்கதோசத்தில ஒரு பெடிச்சி எனக்கு அள்ளித்தர வாளியை எடுத்தாள். ரீச்சர் அவளின்ர கையைப் பிடிச்சு மறிச்சா.

நான் கிணத்துக் கட்டில ஏறினன். வாளியை நானே விட்டனான், தண்ணியை நானே அள்ளினனான்.