வேறு வீட்டுப் படிக்கு மூன்று மதிப்பெண்

பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் அவளுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘ஏன் டீச்சர்’. விடை சரியாக இருந்தாலும் ஏன் என்று கேட்பாள். அவள் படித்த காலத்தில் அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை. வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு மகள் ஒப்பிப்பதைக் கேட்பாள். எங்கே திக்குகிறதோ அங்கே “தப்பு” என்பாள். பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும். அதனால் திக்காமல் சொல்லப் பழகினாள். திக்காமலே பள்ளி, திக்காமலே பட்டம், திக்காமலே வேலை. வேலைக்கு வந்த பிறகு வகுப்பில் ஒரு பையன், “மைனஸை மைனஸால பெருக்கினா ஏன் டீச்சர் பிளஸ் வருது?” என்று கேட்ட அன்றுதான் முதன்முதலில் திக்கினாள். அன்று பிடித்தது இந்த ‘ஏன்’.

இந்த வருடம் அவள் தலையில் விழுந்தது மெல்லக் கற்போர் பிரிவு. பதினேழு பேர். உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்த அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். மதியத்துக்கு மேல் கரும்பலகையில் வெயில் அடித்து, பாதிக் கணக்கு கண்ணுக்குத் தெரியாது. மற்ற வகுப்புகள் அந்த அறையை நத்தைக்கூடு என்றன. தலைமையாசிரியை பதினாறு பக்கக் கையேடு ஒன்றைக் கொடுத்து, இதை மட்டும் உருப்போட வையுங்கள், தேறிவிடுவார்கள், மற்றதெல்லாம் அவர்களுக்கு எதற்கு என்றார். அரையாண்டில் ஐம்பது எடுப்பவர்களைப் பெரிய வகுப்புக்கு மாற்றுவார்கள். மாறினால்தான் அடுத்த வருடம் கணக்குப் பாடப்பிரிவு. நத்தைக்கூட்டில் இருப்பவர்கள் அதற்கு விண்ணப்பிக்கவே முடியாது.

அடுத்த வருடம் கணக்குப் பாடப்பிரிவு வேண்டும் என்று கேட்டவள் பதினேழு பேரில் ஒருத்திதான். தரையில் டைல்ஸ் ஒட்டுபவரின் மகள். வந்த முதல் நாளே கரும்பலகை கோணலாக மாட்டியிருக்கிறது என்றாள். டீச்சர் அளந்து பார்த்தாள். ஒரு பக்கம் கட்டைவிரல் அளவு ஏறித்தான் இருந்தது. அன்றிலிருந்து, கொத்தனார் கோணல் பார்க்கும் கருவியின் பெயரால், பிள்ளைகளுக்கு அவள் ‘மூலைமட்டம்’. கேள்வி கேட்டால் உடனே பதில் வராது. திக்குவாள், கூரையைப் பார்ப்பாள், பிறகு யாரும் சொல்லித்தராத வழியில் விடைக்கு வந்து சேருவாள். டீச்சர் கையேட்டை அலமாரியில் வைத்துவிட்டுப் பாடப்புத்தகத்தையே நடத்தினாள். கையேட்டை வீட்டுக்கு எடுத்துப்போய் உருப்போட்டவர்களும் இருந்தார்கள். அதை அவள் தடுக்கவில்லை.

அரையாண்டுத் தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்று வந்தது. பிகியூஆர் என்ற முக்கோணத்தில் பிகியூ 9, கியூஆர் 12, பிஆர் 15. அது செங்கோண முக்கோணமா? காரணம் கூறு. இதே கணக்கு கையேட்டில் ஏபிசி என்ற பெயரில், 6, 8, 10 என்ற அளவுகளோடு இருந்தது. ஆறு பேர் ஏபிசியையே படம் போட்டு, ஆறையும் எட்டையும் வர்க்கப்படுத்தி, ‘எனவே நிரூபிக்கப்பட்டது’ என்று அடிக்கோடும் போட்டிருந்தார்கள். தாள் திருத்திய மூத்த கணக்கு வாத்தியார் அவர்களுக்கு ஆளுக்கு மூன்று போட்டிருந்தார்.

மூலைமட்டம் இப்படி எழுதியிருந்தாள்: ‘மூன்றையும் மூன்றால் வகுத்தால் 3, 4, 5. அப்பா அறையின் மூலை சரியாக இருக்கிறதா என்று இந்த அளவை வைத்துத்தான் பார்ப்பார். இதுவும் அதே வடிவம், பெரியது, அவ்வளவுதான். ஆகவே கியூவில் செங்கோணம்.’ அதற்கு ஒன்று. மொத்தம் நாற்பத்தெட்டு.

தாளை எடுத்துக்கொண்டு டீச்சர் ஆசிரியர் அறைக்குப் போனாள்.

“அப்பா டைல்ஸ் ஒட்டுறாரு, அதனால செங்கோணம். இதுக்கு மார்க் போட்டா நாளைக்கு ஒருத்தன் எங்க மாமா சொன்னாருன்னு எழுதுவாம்மா,” என்றார் வாத்தியார்.

“மூணால வகுத்துக் காட்டியிருக்கா சார். கேள்வியிலயே இல்லாத எண்ணை எழுதினவங்களுக்கு மூணு போட்டிருக்கீங்க.”

“அவங்க படி எழுதியிருக்காங்க. படிக்கு மார்க்.”

“வேற வீட்டுப் படியில ஏறினாக்கூடவா சார்?”

பக்கத்து மேசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்போடு காரியம் கெட்டது. வாத்தியார் முகம் இறுகி, விடைக்குறிப்பில் இல்லாததற்கு அரை மதிப்பெண்கூடப் போட முடியாது என்று சொல்லிவிட்டார்.

அங்கிருந்து தலைமையாசிரியையிடம் போனாள். அவர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. ஒருத்திக்கு இரண்டு கூட்டினால் நாளைக்கு வாசலில் வரிசை நிற்கும் என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, “கையேட்டை ஒழுங்கா ஒப்பிக்க வச்சிருந்தீங்கன்னா இந்நேரம் அந்தப் பொண்ணு ஐம்பதைத் தொட்டிருக்கும். நான் சொல்றது சரியா தப்பா, நீங்களே சொல்லுங்க,” என்றார்.

கணக்குப்படி சரிதான். ஏபிசி என்று எழுதியிருந்தால் மூன்று. நாற்பத்தெட்டோடு இன்னும் இரண்டு. தன் பிடிவாதத்துக்கு வேறொருத்தியின் வருடத்தை விலையாகக் கொடுத்துவிட்டோமோ? தன்னுடைய பட்டமும் இப்படி ஏபிசி எழுதி வாங்கியதுதானே? திக்காத பிள்ளைகளை மேலே அனுப்பி, யோசிக்கிற பிள்ளையை நத்தைக்கூட்டில் உட்கார வைத்துவிட்டு, அந்த அறைக்கு மெல்லக் கற்போர் என்று பெயர். யாரிடம் போய் முட்டிக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பெரிய வகுப்புக்குப் போகிறவர்களின் பட்டியல் மதியம் ஒட்டப்பட்டது. ஏபிசி எழுதிய ஆறு பேரில் இரண்டு பேர் அதில் இருந்தார்கள். மூலைமட்டம் பட்டியலைப் பார்த்துவிட்டு நடைவழியில் காத்திருந்தாள். அழுத மாதிரி தெரியவில்லை.

“அடுத்த தடவை அப்பாவை விட்டுட்டு ஏபிசின்னே எழுதிரவா டீச்சர்?”

டீச்சர் வாயைத் திறந்தாள். திக்கியது. அம்மா பக்கத்தில் இருந்திருந்தால் “தப்பு” என்றிருப்பாள்.

“முதல்ல உன் வழியில போட்டுப் பாரு,” என்றாள் கடைசியில். “அப்புறம் அவங்க கேக்குற மாதிரியும் எழுது.”

மூலைமட்டம் வழக்கம்போல் கூரையைப் பார்த்து யோசித்தாள்.

“ரெண்டு தடவை எழுத ரெண்டு மடங்கு நேரம் வேணுமே டீச்சர். மத்தவங்களுக்கு ஒரு தடவைதானே?”

மணி அடித்தது. அவள் நத்தைக்கூட்டுக்குப் போனாள். வெயில் ஏறிய கரும்பலகையில் அன்றைக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல், டீச்சரும் பின்னாலேயே போனாள்.