கிழக்குப் பக்கத்து நாற்காலி

மதியம் பன்னிரண்டரைக்கு மதுரை மாட்டுத்தாவணியில் அருப்புக்கோட்டை பஸ் ஏறினேன். ஐம்பது கிலோமீட்டர் பயணம். கசங்காமல் இருக்கட்டும் என்று புதுச் சட்டையைத் தனியாகப் பையில் வைத்திருந்தேன். பொன்னாடை போர்த்துவார்கள் என்று நினைத்துத்தான் கிளம்பினேன். இதை இப்போதே ஒத்துக்கொண்டுவிடுகிறேன், பின்னால் சொன்னால் இன்னும் கேவலமாக இருக்கும்.

ஐரோப்பாவில் எந்த நாட்டுக் கால்பந்து லீகுக்கு எவ்வளவு கூட்டம் வருகிறது என்று ஒப்பிட்டு, மாதம் ஒரு கட்டுரை இணையத்தில் எழுதுகிறவன் நான். ஜெர்மனியில் மைதானங்கள் ஏன் நிரம்பி வழிகின்றன, ஸ்காட்லாந்து மாதிரிச் சின்ன நாட்டில் மக்கள்தொகையோடு பார்த்தால் கூட்டம் ஏன் பெரிது, இங்கிலாந்தில் எண்ணுவது விற்ற டிக்கெட்டையா வந்த ஆளையா என்றெல்லாம் அட்டவணை போடுவேன். ஐரோப்பாவுக்கு நான் போனதில்லை. மதுரையில்கூட ஒரு ஆட்டத்தை நேரில் போய்ப் பார்த்ததில்லை.

போன வருஷம் ஒரு கட்டுரையின் முடிவில் நம் பக்கத்தையும் சேர்த்துக்கொண்டேன். திருச்சுழிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடந்த பெண்கள் கால்பந்து இறுதியாட்டத்தின் படம் கண்ணில் பட்டது. ஆடுகிறவர்களுக்குப் பின்னால் வெறும் பொட்டல், அதில் மூன்று பேர், மேய்கிற இரண்டு ஆடு. ஜெர்மனி, இங்கிலாந்து, ஸ்பெயின், இத்தாலி என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, "திருச்சுழி வட்டாரம்: பார்வையாளர் ஐந்து, அதில் இரண்டு ஆடு" என்று எழுதினேன். நிறையப் பேர் சிரித்தார்கள். அந்தப் படத்தை எடுத்தவர் அங்கே விளையாட்டு ஆசிரியையாக இருக்கும் தனலட்சுமி. இந்த ஆவணியில் அவரிடமிருந்து செய்தி வந்தது: "இந்த வருஷ ஃபைனலுக்கு நேரில் வந்து எண்ணிவிட்டுப் போங்கள் சார்." அதை நான் அழைப்பிதழ் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒன்றேகாலுக்குக் காரியாபட்டி. சந்தை முடித்த பெண்கள் காலிக் கூடைகளோடு ஏறினார்கள். அதற்கப்புறம் இருபுறமும் கரிசல், சீமைக்கருவேலம், மறுபடி கரிசல். இரண்டு மணிக்கு அருப்புக்கோட்டை. பஸ் ஸ்டாண்டில் இரண்டு வடையும் டீயும் முப்பத்தைந்து ரூபாய். கழிப்பறைக்குப் போய் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு திருச்சுழி பஸ்ஸைப் பிடித்தேன்.

மூன்று மணிக்குத் திருச்சுழியில் ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். இன்னும் ஐந்து கிலோமீட்டர். ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை, நான் ஒருமுறை எழுதியதே அவர்களுக்குப் போதும். ஓட்டுநர் அதே ஊர்க்காரர், பேச்சுப் பிரியர்.

"இன்னைக்கு எங்க ஊர்ல பொம்பளப் பிள்ளைக ஃபுட்பால் ஃபைனலுண்ணே. இதான் கடைசி வருசம்."

"ஏன்?"

"மதுரைல எவனோ ஒருத்தன், ஆட்டம் பாக்க ஆளே வரலன்னு எழுதிப்புட்டான். ஊர்க்கூட்டத்துல அதச் செல்லுல வாசிச்சாக. ஆளு வராத ஆட்டத்துக்கு எதுக்கு இம்புட்டு எடம், மொளகா காயப்போடக் களம் கட்டுவோம்னு முடிவு பண்ணிட்டாக. நீங்க ஆட்டம் பாக்கவா?"

"இல்ல, சொந்தக்காரர் வீட்டுக்கு" என்றேன்.

"யாரு வீடு?"

வாயில் வந்த ஒரு பெயரைச் சொன்னேன். அவர் கண்ணாடி வழியாக என்னை ஒரு தரம் பார்த்தார்.

"அப்பிடி யாரும் எங்க ஊர்ல இல்லையேண்ணே."

புதுச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

மூன்றே முக்காலுக்கு மைதானம். கண்மாய்க் கரையை ஒட்டிய பெரிய பொட்டல் அது. தனலட்சுமி வணக்கம் சொல்லி என்னைக் கிழக்குப் பக்கமாக அழைத்துப் போனார். அங்கே ஒற்றைப் பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. மேடை இல்லை, பொன்னாடை இல்லை.

"இங்க உக்காந்தாத்தான் சார் எண்ண வசதியா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வெயில் நேராகக் கண்ணில் அடித்தது. கையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு எதிரே பார்த்தேன். மேற்கே கண்மாய்க் கரை, கரை நெடுக மரங்கள், மரத்துக்கு மரம் நிழல், நிழல் முழுக்க ஜனம். மில் ஷிப்ட் முடிந்து டிபன் பையோடு வந்த பெண்கள். எதிரணிக்காக அருப்புக்கோட்டையிலிருந்து டெம்போ பிடித்து வந்த நெசவாளர் தெருக்காரர்கள், தங்களுக்குள் தெலுங்கிலும் நடுவரைத் திட்டும்போது தமிழிலும். ஆவணி வெயிலில் புத்தியுள்ள எவரும் கிழக்கே வந்து உட்காரமாட்டார்கள். தனலட்சுமி போன வருஷம் அந்தக் கூட்டத்துக்குள் நின்றுதான் படம் எடுத்திருக்கிறார். படத்தில் விழுந்தது இந்த மொட்டைப் பக்கம் மட்டும்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், டிவி கேமரா எதிர்ப்பக்கத்தைத்தான் காட்டும், அது காலியாக இருந்தால் மைதானமே காலி என்று நம்பிவிடாதீர்கள் என்று இத்தாலிய லீகைப் பற்றி ஒரு முழுக் கட்டுரையே எழுதியிருக்கிறேன். இத்தாலிக்குக் கொடுத்த சலுகையைத் திருச்சுழிக்குக் கொடுக்கத் தோன்றவில்லை.

எண்ணினேன். முதல் தடவை ஐந்நூற்று எண்பத்து மூன்று. மறுபடி எண்ணியபோது அறுநூற்றுப் பதினொன்று. நடுநடுவே எழுந்து ஓட வேண்டியிருந்தது, கிழக்கே வரும் பந்தை எடுத்துப் போட என்னை விட்டால் ஆளில்லை. ஒரு தடவை உள்ளூர் அணித் தலைவி முத்துமாரியே பந்தை வாங்க வந்தாள். நூல் மில்லில் வேலை பார்க்கும் பெண். என் நாற்காலிக்குப் பின்னால் மேய்ந்துகொண்டிருந்த இரண்டு ஆடுகளைக் காட்டினாள்.

"அண்ணே, போன வருசம் நீங்க எண்ணுனது இந்த ரெண்டும்தான். எங்க வீட்டு ஆடு. வெரட்டிறாதீக."

பந்தை வாங்கிக்கொண்டு ஓடிவிட்டாள். எனக்குத் தலை நிமிரவில்லை. அவளுடைய அணி ஒரு கோலில் தோற்றது.

ஐந்தே காலுக்குக் கரையேறி, மரத்தடியில் மோட்டார் சைக்கிள்மேல் உட்கார்ந்திருந்த ஊராட்சித் தலைவரிடம் போனேன். "அதை எழுதினது நான்தான். வராமலே எழுதிட்டேன். அறுநூறு பேருக்கு மேல இருக்காங்க, இன்னைக்கே திருத்தி எழுதிடறேன்" என்றேன்.

"தெரியும் தம்பி, டீச்சரம்மா கூப்பிட்டிருந்தாகள்ல. ஊர்ல இல்லாத வீட்டச் சொல்லி ஒருத்தர் வந்திருக்காருன்னு ஆட்டோக்காரன் சொன்னதுமே புரிஞ்சிருச்சு" என்றார். கோபம் இல்லை, அது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஊர்க்கூட்டத்துல இருந்தவுக அம்புட்டுப் பேரும் போன வருசம் இதே கரையில உக்காந்து ஆட்டம் பாத்தவுகதான். நானுந்தான் இருந்தேன். எழுத்துல வந்திருச்சேன்னு தலையாட்டிட்டோம். இப்பத் தீர்மானம் போட்டாச்சு, சிமெண்டும் வந்து எறங்கிருச்சு. மாசிக்குள்ள களம் முடிஞ்சிரும்."

மைதானத்தின் வடக்கு மூலையில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த குவியல் அப்போதுதான் கண்ணில் பட்டது. ஆடிய பெண்கள் அதன்மேல் செருப்புகளைக் கழற்றி வைத்திருந்தார்கள்.

"பெறகு எதுக்கு என்னைக் கூப்பிட்டாங்க?"

"டீச்சரம்மாதான், கடைசி ஆட்டத்தையாவது ஒருத்தர் ஒழுங்கா எண்ணட்டும்னாக."

கிளம்பும்போது மணி ஆறு. அதே ஆட்டோ நின்றது. "ஏறுங்க, சொந்தக்காரரே" என்றார் ஓட்டுநர். ஏறினேன். மதுரையில் என் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு ஜன்னல் இருக்கிறது. அதன் வழியாக மாநகராட்சிப் பள்ளி மைதானம் தெரியும். சாயங்காலம் அங்கே எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்று திரும்பி வரும் பஸ்ஸில் யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. ஜெர்மனியில் முனிச் மைதானத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று தெரியும்.

காரியாபட்டி தாண்டும்போது தனலட்சுமி ஒரு படம் அனுப்பினார். போன வருஷம் நின்ற அதே இடத்தில் நின்று எடுத்தது. முன்னால் முத்துமாரி பந்தோடு ஓடுகிறாள். பின்னால் வெறும் பொட்டல், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் புதுச் சட்டையோடு கண்ணை மறைத்துக்கொண்டு நான். கீழே முத்துமாரி சொல்லி எழுதியதாக ஒரு வரி:

"பார்வையாளர் மூன்று, அதில் இரண்டு ஆடு."

எண்ணிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.