டோக்கனில் இருந்த பெயர்

என் மகன் சிறையில் இருந்த இரண்டு வருடமும், பக்கத்து நிலத்துக்காரரின் மகன் டிராக்டரில் எங்கள் வீட்டைக் கடக்கும்போதெல்லாம் நான் உள்ளே போய்விடுவேன். அந்தச் சத்தம் அவர்கள் வீட்டுக்கு மட்டும் ஏன் திரும்பி வர வேண்டும் என்று இருக்கும்.

மலையடிவாரத்தில் ஒரு தரகரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றிருந்தார்கள். முந்தின வாரம் அவரோடு சண்டை போட்டவர்கள் என்று எங்கள் இரண்டு வீட்டுப் பையன்களையும் போலீஸ் அழைத்துப் போனது. பக்கத்து நிலத்துக்காரரின் மகன் மாலையே திரும்பிவிட்டான். கொலை நடந்த நேரத்தில் கரும்பு லோடோடு ஆலை வரிசையில் நின்றதாக அவன் பெயரில் டோக்கன் இருந்தது.

உண்மையில் அங்கே நின்றவன் என் மகன். மலைமேல் நர்ஸாக இருக்கும் தன் மனைவியைக் கூட்டிவர அந்த நண்பன் பைக்கில் போக, டிராக்டரை இவன் பார்த்துக்கொண்டான். ஒருவர் டோக்கனுக்கு இன்னொருவர் நிற்பது எங்கள் பக்கம் வழக்கம். போலீஸில் சொன்னான், பொய் என்றார்கள்.

நான் பக்கத்து நிலத்துக்காரரிடம் போனேன். “உங்க பையன் ஒரு வார்த்தை சொன்னா போதும்ங்க.”

“அந்த மலையடிவாரம் வழியாத்தான் பைக்ல போனான்னு தெரிஞ்சா வுடுவாங்களா? கொன்னவன ஒரே மாசத்துல தூக்குல போடணும்னு டீக்கடையில நீங்கதான சார் சொல்லிக்கினு இருந்தீங்க. இப்ப என் புள்ளய இன்னா பண்ணச் சொல்றீங்க?”

சொன்னது உண்மைதான், என் மகனைப் பிடிப்பதற்கு முதல் நாள். அவர் மகனும் குற்றமற்றவன் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே, என் பிள்ளை வரட்டும், அவன் போகட்டும் என்று நினைத்தேன்.

ஆனால் அந்தப் பையனே கோர்ட்டுக்கு வந்தான். “டோக்கன் எம் பேர்ல. நின்னது அவன்.” ஆலை எடைமேடைக்காரரும் என் மகனை அடையாளம் காட்டினார். என் மகனுக்கு விடுதலை ஆனது.

இப்போது அவர் மகனை விசாரிக்கிறார்கள். வாரம் ஒருமுறை ஸ்டேஷனுக்குப் போகிறான். என் மகன் ஜீப் சத்தம் கேட்டால் கொல்லைப்பக்கம் போய் நிற்கிறான்.

போன வாரம் டீக்கடையில் ஒருவர் பேப்பரை மடித்துவிட்டு, “இவனுங்களத் தூக்குல போட்டாத்தான் சார் சரி வரும்” என்றார். எதிர் பெஞ்சில் பக்கத்து நிலத்துக்காரர் இருந்தார்.

“வேணாம்ங்க” என்றேன். காரணம் கேட்டார்கள். டீக் காசை எடுத்து வைத்தேன்.

அவர் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார். அவரைப் பார்த்தால் இன்னும் பொறாமைதான். சாட்சி சொன்ன அன்று மகனைத் தன் வண்டியில் கோர்ட்டுக்குக் கூட்டி வந்ததே அவர். நானாக இருந்தால் என் பிள்ளையை வீட்டை விட்டு வெளியே விட்டிருக்க மாட்டேன்.