திரையில் ஓடிய என் முதல் நாள்

எங்களுக்குப் படிப்பிக்கும் சேருக்கு வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் பாராட்டு விழா வைத்தார்கள். படிப்பை விட்ட பிள்ளைகளை வேலைக்குத் தயார்படுத்துகிறார் என்பதற்காக. நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். கொட்டாஞ்சேனையில் அவர் நடத்திய இலவச வகுப்பில் நேர்முகத் தேர்வுக்குப் பழகிக்கொண்டிருந்தேன்.

சேரிடம் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக வருகிறவரை முதல் நாளே கதிரையில் இருத்தி, ஆங்கிலத்தில் கேள்வி கேட்டு, ஃபோனில் வீடியோ பிடித்து வைப்பார். விழாவில் என்னுடைய அந்த வீடியோவைப் போடுவது, முடிந்த கையோடு நான் மேடையேறி அதே கேள்விகளுக்குப் பதில் சொல்வது என்று முடிவானது. கேட்கப்போகிறவர் பிரதம விருந்தினர். அவருடைய கம்பனியில் வரவேற்பு மேசைக்கு ஆள் தேவை. பதில் பிடித்தால் வேலை எனக்குத்தான் என்றார் சேர்.

அன்றிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. மேடையில் இருமல் வந்தால்? செருப்பு வார் அறுந்தால்? பஸ்ஸில் பதில்களை வாய்க்குள் சொல்லிக்கொண்டு போனேன். பக்கத்தில் இருந்த பெண் எழும்பி வேறு சீற்றுக்குப் போய்விட்டாள்.

பேச்சுகள் நீண்டு, ஒருவழியாக வீடியோ ஓடியது. திரையில் நான் என் பெயரைச் சொன்னேன். அடுத்த கேள்விக்கும் பெயரையே சொன்னேன். பிறகு சால்வையால் முகத்தைத் துடைத்து, அழப்போகிற குரலில், "சேர், நான் வீட்ட போகட்டா?" என்றேன். மண்டபம் சிரிப்பில் குலுங்கியது. பிரதம விருந்தினர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொருமுறை போடச் சொன்னார். போட்டார்கள். அதற்குள் சாப்பாட்டுப் பார்சல் வந்துவிட்டது. நேரமில்லை என்று அறிவித்துவிட்டு நேராகப் பொன்னாடைக்குப் போனார்கள். நான் மேடைப் படியடியில் நின்றுகொண்டிருந்தேன்.

வாசலில் பிரதம விருந்தினரை மறித்தேன்.

"நீர்தானே அந்த 'வீட்ட போகட்டா' பிள்ளை?" என்றார்.

"ஓம் ஐயா. இப்ப எனக்கு வடிவாப் பதில் சொல்லத் தெரியும்."

அவர் பக்கத்தில் நின்ற சேரின் தோளில் தட்டினார். "உங்கட பொறுமைக்கே விருது குடுக்கலாம். என்ர மேசைக்கு மட்டும் இவவை அனுப்பிப் போடாதேங்கோ."

சேர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பொன்னாடையைச் சரிசெய்தபடி அவரும் சிரித்தார்.

கார் போனபிறகு என்னிடம் வந்து, மனதில் வைக்க வேண்டாம் என்றார். பிறகு சொன்னார்: "உம்மட வீடியோதான் இண்டைக்கு எடுபட்டது. அடுத்த மாசம் வேற ஒரு இடத்தில எனக்கு விருது தருகினம். அங்கயும் போடுவம், என்ன?"

வேண்டாம் என்றுதான் வாய்வரை வந்தது. ஆனால் எனக்கு வேலை எடுத்துத்தர அவரைவிட்டால் யார் இருக்கிறார்கள்?

"போடுங்கோ சேர்," என்றேன். "அங்க நான் மேடையில கதைக்கலாமா?"

"நேரம் இருந்தாப் பாப்பம்," என்றார்.