கையெழுத்துப் பார்க்கிற மென்பொருள் விழுந்த கதை

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இன்று காலை இன்டர்நெட் வயரைப் பாய்ந்து பிடுங்கின வேகத்தில், இருந்த கதிரையோடு விழுந்துபோனேன். என் அச்சுக்கடை நிறைய ஆக்கள்.

காரணம், அப்போதுதான் போனில் வாசித்த செய்தி. கணினிக்கு வருகிற மென்பொருட்களின் டிஜிட்டல் கையெழுத்து அசலா கள்ளமா என்று பார்க்கிற மென்பொருளிலேயே ஓட்டையாம். ஒதுக்கிய நினைவகத்துக்குள் அடங்காத நீளத்தில் கையெழுத்தை அனுப்பினால், அது வழிந்து பக்கத்து இடத்தையும் அழித்து, கணினியையே கைப்பற்றலாமாம்.

என் கணினியில்தான் தவமலர் ரீச்சரின் தவணைப் பரீட்சை வினாத்தாள்கள் அவ்வளவும் இருக்கின்றன. அச்சடிக்க வந்த ரீச்சரும் பக்கத்தில்தான் நின்றா.

"கள்ளக் கையெழுத்தைப் பிடிக்கத்தானே தம்பி அது இருக்குது?"

"ஓம் ரீச்சர். ஆனா வாசிக்கேக்கையே அது விழுந்திடுது."

"அப்ப, பரீட்சை மண்டப வாசலில அடையாள அட்டை பார்க்கிறவரை, அந்த அட்டையாலயே அடிச்சு விழுத்திப்போட்டு உள்ள போறமாதிரி?"

"அதேதான் ரீச்சர்!"

முழங்காலைத் தடவிக்கொண்டே வயரைத் திரும்பக் கொழுவினேன். ஓட்டையை அடைக்க வந்திருந்த திருத்தத்தை இறக்கி, நிறுவி, கணினியை மறுபடி போட்டேன். வினாத்தாள்கள் தப்பின.

"நீர் கெட்டிக்காரன்!" என்றா ரீச்சர்.

படிக்கிற காலத்தில் ஒரு ரீச்சரும் எனக்குச் சொல்லாத சொல். உடனே வீட்டில் என் மனுசிக்குப் போன் எடுத்துச் சொன்னேன், எதிர்க்கடைக்காரருக்கும் கேட்கிற சத்தத்தில். கிளிநொச்சிச் சந்தைக்கே கேட்டிருக்கும்.

பின்னேரம்தான் எனக்கு உறைத்தது. வந்த திருத்தத்தின் கையெழுத்தைச் சரிபார்த்து உள்ளே விட்டதே, அந்தப் பழைய ஓட்டை மென்பொருள்தான்.

இதை ரீச்சரிட்டை ஆர் போய்ச் சொல்லப் போறியள்?